நேரடிப் பண உதவியும் ஏழைக் குடும்பத்தின் வாழ்வும்

வறியோரைத் தாங்குதல் திருச்சபையின் தொன்மையான ஊழியங்களுள் ஒன்று. ஆயினும் அவ்வுதவி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதை நாம் அரிதாகவே ஆராய்கிறோம். அரிசி கொடுக்கிறோம், கிறிஸ்து பிறப்புப் பண்டிகையில் சேலை கொடுக்கிறோம், தையல் இயந்திரமோ ஆடோ வாங்கிக் கொடுக்கிறோம். பணத்தை அவர்கள் கையிலேயே கொடுப்பதற்கு மட்டும் தயங்குகிறோம். பணமாகக் கொடுத்தால் அது மதுக்கடைக்குப் போய்விடும், உழைப்பில் நாட்டம் குன்றிவிடும் என்பது பலருடைய அச்சம். இவ்வச்சம் மெய்யானதா என்பதை ஊகத்தால் அன்றி, நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராய இன்று வாய்ப்பு உண்டு. கென்யா நாட்டின் மேற்கில், விக்டோரியா ஏரியை அடுத்த சியாயா மாவட்டம் அதற்குத் தக்க சான்றாகும்.

1. சியாயாவில் நிகழ்ந்தது

சியாயா மக்களுள் பெரும்பாலோர் லுவோ இனத்தார், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். மழையை நம்பி மக்காச்சோளம் பயிரிடும் சிறு உழவர்கள் மிகுதி. ‘கிவ் டைரக்ட்லி’ என்னும் தொண்டு நிறுவனம் இங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு, எந்த நிபந்தனையும் விதிக்காமல் பணம் வழங்கியது. புல் வேய்ந்த கூரையுடைய வீடே வறுமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய ‘எம்-பெசா’ என்னும் கைப்பேசிப் பணச் சேவையின் வாயிலாகத் தொகை அனுப்பப்பட்டது. குடும்பத்தார் அருகிலுள்ள முகவர் கடைக்குச் சென்று அதனை ரொக்கமாகப் பெற்றனர். இடைத்தரகர் எவருடைய தயவையும் அவர்கள் நாட வேண்டியதில்லை.

ரரியேடா பகுதியில் 2011 முதல் 2013 வரை வழங்கப்பட்ட உதவியை ஹௌஷோஃபர், ஷபிரோ என்னும் பொருளியலாளர் இருவர் ஆராய்ந்து, 2016-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உதவி பெற்ற குடும்பங்களில் உணவு மிகுந்தது, கால்நடையும் உடைமையும் பெருகின, மனநலம் மேம்பட்டது. மதுவுக்கும் புகையிலைக்கும் செலவிட்ட தொகையோ உயரவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய எவன்ஸ், போபோவா என்போரும் இதே முடிவுக்கு வந்தனர். நம் அச்சத்திற்கு இவ்வாய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

2. மொத்தத் தொகை செய்யும் பணி

பணம் வாழ்வை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய, வறுமை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். புற்கூரை மலிவானது போலத் தோன்றும். ஆனால் அது ஒழுகும், பூச்சி அரிக்கும், அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். தகரக் கூரை பல்லாண்டு நிற்கும். அதிலிருந்து வடியும் மழைநீரைச் சேர்த்துப் பயன்படுத்தவும் இயலும். தகரமே இறுதியில் மலிவு என்பது குடிசைவாசிக்குத் தெரியாததன்று. தகரம் வாங்குவதற்கான தொகை ஒரே வேளையில் அவர் கையில் சேர்வதில்லை. ஆகவே ஏழை என்பதனாலேயே அவர் மிகுதியாகச் செலவிடுகிறார்.

விளைச்சலிலும் இதுவே நிகழ்கிறது. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தின் விலை தாழ்ந்திருக்கும். பள்ளிக் கட்டணமும் கடனும் நெருக்குவதால் உழவர் அப்போதே விற்றுவிடுகிறார். சில மாதங்களுக்குப் பின் தம் குடும்பத்தின் உணவுக்காக அதே தானியத்தை உயர்ந்த விலைக்கு வாங்குகிறார். கையில் சிறிது பணம் இருப்பின் அவர் விற்பனையைத் தள்ளிப்போட இயலும். அவரிடம் குறைவாயிருப்பது அறிவன்று, காத்திருக்கும் ஆற்றலே.

ரரியேடா ஆய்வின் மற்றொரு முடிவும் இங்குக் கருதத்தக்கது. மாதந்தோறும் சிறு தொகை பெற்றவர்களிடம் உணவுப் பாதுகாப்பு மிகுந்தது. ஒரே முறையில் பெருந்தொகை பெற்றவர்கள் கூரை போன்ற நிலையான பொருள்களை மிகுதியாக வாங்கினர். எனவே பசி தீர்த்தல், முதல் அளித்தல் என்னும் இரு நோக்கங்களுக்கும் ஒரே முறை ஏற்றதன்று.

3. அயலாரும் ஊரும்

பின்னர் சியாயாவின் 653 கிராமங்களைக் கொண்டு பெரிய ஆய்வொன்று நடைபெற்றது. அவற்றில் 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், குடும்பத்திற்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் பெற்றன. அப்பணம் கொத்தனார், தச்சர், தகர வணிகர், சந்தைப் பெண்கள் ஆகியோர் கைகளுக்குச் சென்றது. இதனால் உதவி பெறாத குடும்பங்களும் பயனடைந்தன. வழங்கிய ஒவ்வொரு டாலருக்கும் அப்பகுதியின் வருமானம் ஏறக்குறைய இரண்டரை டாலர் உயர்ந்தது என்று 2022-இல் வெளியான அறிக்கை கணித்தது. பொருள்களின் விலையேற்றமோ மிகச் சிறிதே.

4. பணம் செய்யவியலாதவை

எனினும் இதனை அனைத்து நோய்க்கும் மருந்தெனக் கொள்ளுதல் தவறு. முதலாவதாக, ரரியேடாவில் ஒரே ஊரில் சிலருக்கு மட்டும் பணம் கிடைத்தபோது, கிடைக்காத அயலாரின் மனநிறைவு குன்றியது. திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையில் எழுந்த முறுமுறுப்பு நமக்குப் புதியதன்று.

இரண்டாவதாக, பணம் மருத்துவமனையைக் கட்டுவதில்லை. சியாயாவில் உதவி பெற்ற காலத்தில் பிறந்த குழந்தைகளிடையே சிசு மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தாய்மார் மருத்துவமனையில் மகப்பேறு பெறவும், பேறுகாலத்தில் கடும் உழைப்பிலிருந்து ஓய்வு கொள்ளவும் இயன்றமை இதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. ஆனால் மருத்துவர் உள்ள நிலையத்திற்கு அருகில் வாழ்ந்தோரிடமே இப்பயன் மிகுந்து காணப்பட்டது. பணமும் பொதுப்பணியும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை.

மூன்றாவதாக, களவு. காங்கோ மக்களாட்சிக் குடியரசில் இதே நிறுவனத்தின் பணியாளர் சிலர் செய்த மோசடியால் ஏறத்தாழ 9 லட்சம் டாலர் இழக்கப்பட்டதாக 2023-இல் அந்நிறுவனமே அறிவித்தது. இதில் தவறியவர்கள் ஏழைகள் அல்லர். பணத்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர்களே.

5. இறையியல் நோக்கில்

சியாயாவின் அண்டை மாவட்டமாகிய ஹோமா பேயில் பெருந்தொகையான குடும்பங்கள் இவ்வுதவியை மறுத்துவிட்டன. உழைக்காமல் வரும் பணம் சாத்தானின் வலையென்ற வதந்தி பரவியதே அதற்கு ஒரு காரணம். கிருபையைப் பிரசங்கிக்கும் நமக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. கைம்மாறு கருதாத ஈவை மக்கள் நம்ப இயலாதவாறு, கொடுக்கும் கைகள் இதுகாறும் அவர்களுக்கு எதைக் கற்பித்திருக்கின்றன?

திருமறை இரு வழிகளைக் காட்டுகிறது. உபாகமம் 15-ஆம் அதிகாரம், ஏழாம் ஆண்டில் விடுதலை பெறும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பலாகாது என்கிறது. மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து அவனுக்குத் தாராளமாய்க் கொடுக்க வேண்டும். அது ஒரு வேளை உணவன்று. புதுவாழ்வு தொடங்குவதற்கான முதல். அதைக்கொண்டு அவன் செய்ய வேண்டியது இன்னதென்று அப்பகுதி விதிக்கவில்லை. எகிப்தில் தாமும் அடிமையாயிருந்ததை நினைக்கும்படியே கொடுப்போர் கட்டளை பெறுகின்றனர்.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் சேர்த்த காணிக்கையும் பணமே. 2 கொரிந்தியர் 8-இல் அவர் சபைகளுக்கிடையே சமநிலையை நாடுகிறார். கணக்கு ஒப்புவித்தலைக் குறித்து அவர் மிகவும் எச்சரிக்கையாயிருக்கிறார்; சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களை உடன் அனுப்புகிறார். இங்கே கண்காணிக்கப்படுகிறவர்கள் பணத்தைச் சுமந்து செல்பவர்களே. நம் வழக்கமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பெறுகின்ற விதவையிடம் பல சான்றுகள் கேட்கிறோம். வழங்குகின்ற குழுவிடம் கணக்குக் கேட்கத் தயங்குகிறோம்.

எனவே ஒவ்வொரு சபையும் தன் தருமப் பணத்தில் ஒரு பகுதியையேனும் ரொக்கமாக வழங்கிப் பார்த்தல் நலம். தெரிவு செய்யும் அளவுகோல் அனைவரும் அறிந்ததாயிருக்கட்டும். தொகை பெயருக்குக் கொடுப்பதாக அமையாமல், ஒரு காரியத்தை முடிக்கப் போதுமானதாயிருக்கட்டும். கணக்கு சபையார்முன் வாசிக்கப்படட்டும். பெற்றவர் அதைக் கொண்டு கூரை வேய்வதா, கடன் அடைப்பதா, மகளைப் படிக்க வைப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அத்தீர்மானத்தை அவரிடம் ஒப்படைப்பது கொடுப்பவர்க்கு எளிதன்று. பணத்தோடு அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க அது நம்மை அழைக்கிறது.