ஆப்பிளுக்குள் ஒரு பந்து

காகிதத்தில் ஒரு வட்டம் போட்டாயிற்று. அது தட்டையாகவே கிடக்கிறது. அதைக் கையில் எடுத்துக் கடிக்கலாம் போன்ற ஆப்பிளாக மாற்றுவது எப்படி?

ஆப்பிள்களை வரைந்தே புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் பால் செசான் இதற்கு ஒரு வழி சொன்னார். 1904இல் எமில் பெர்னார் என்ற இளைய ஓவியருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை உருளை, உருண்டை, கூம்பு ஆகிய வடிவங்களைக் கொண்டு அணுகச் சொன்னார். அந்தக் கண்ணோடு பார்த்தால் அடிமரம் ஓர் உருளை. ஆப்பிள் ஒரு பந்து. பெட்டி போன்ற கனசதுரத்தை அவர் அங்கே குறிப்பிடவே இல்லை. ஆனாலும் அவருக்குப் பின் பிக்காசோவும் பிராக்கும் வளர்த்த ஓவியப் பாணிக்குக் கனசதுரத்தின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது!

சரி, வட்டம் எப்படிப் பந்தாகிறது? நிழல்தான் அந்த வேலையைச் செய்கிறது. புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் கருமையை அழுத்தித் தீட்டுவார்கள். உண்மையில் மேசைமேல் இருக்கும் பழத்தில், மிக இருண்ட பகுதி விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளியே இருக்கும். மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விளிம்பை லேசாகத் துலக்கிவிடுகிறது. அந்த மெல்லிய ஒளிக்கீற்றை விட்டுவைத்து வரைந்தால் போதும், வட்டம் உருண்டு திரண்டு எழுந்துவிடும்.

வீட்டில் ஓர் ஆரஞ்சு இருந்தால், ஜன்னலோரம் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், நேயர்களே. நிழல் விழுந்த பக்கத்தின் அடியில் அந்தக் கீற்று தெரியும்.