நிலம் மாநிலத்தில், அதிகாரம் டெல்லியில்

கொச்சியிலிருந்து கூட்டநாடு வழியாகப் பெங்களூருவுக்கும் மங்களூருவுக்கும் இயற்கை எரிவாயு கொண்டுசெல்ல, ஒன்றிய அரசின் கெயில் நிறுவனம் ஒரு குழாய்த் திட்டத்தை வகுத்தது. தமிழ்நாட்டில் அது சுமார் 310 கிலோமீட்டர் கடக்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் அதன் பாதையில் இருந்தன. விவசாயிகள் எதிர்த்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். மாநில அதிகாரிகள் 2013 மார்ச் தொடக்கத்தில் கோவையில் அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மார்ச் 25 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா சட்டப்பேரவையில் அரசின் முடிவை அறிவித்தார். விளைநிலத்தில் குழாய் பதிக்கக் கூடாது, பதித்ததை எடுத்துவிட்டுக் குழிகளை மூட வேண்டும், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும் என்பதே அந்த முடிவு. கெயில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் மாநில அரசின் ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அரசு தன் எல்லைக்குள் உள்ள தோட்டத்தைக் காக்க ஆணையிட்டது. அதற்கு அந்த அதிகாரமே இல்லை என்று இரண்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அந்தத் தீர்ப்பு ஏன் அப்படி வந்தது, அதற்குப் பிறகும் எது தீராமல் நிற்கிறது என்பது கொங்கு நாட்டைத் தாண்டியும் பேச வேண்டிய விஷயம்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் 14, 18 ஆகிய இனங்களாக இருக்கின்றன. பெட்ரோலியமும் கனிம எண்ணெய் வளங்களும் ஒன்றியப் பட்டியலின் 53-ஆவது இனம். பொதுக் காரியத்துக்காகச் சொத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் 1956-இன் ஏழாவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. மாநிலப் பட்டியலிலும் ‘வாயு’ என்று ஓர் இனம் உண்டு. அதை நம்பிக் குஜராத் 2001-இல் ஒரு சட்டம் இயற்றியது. இயற்கை எரிவாயு முழுக்க ஒன்றியத்தின் பொருள், மாநிலப் பட்டியலில் உள்ளது ஆலையில் தயாரிக்கப்படும் வாயுவைப் பற்றியது மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவாக்கியது. மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் 162-ஆவது பிரிவின்படி அதன் சட்டமியற்றும் அதிகாரம் செல்லும் தூரத்துக்குத்தான் செல்லும். ஒன்றியம் 1962-இல் பெட்ரோலியக் குழாய்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, அதன்படி அறிவிக்கை வெளியிட்ட பின், மாநில அரசின் நிர்வாக ஆணை ஒன்றால் அந்தப் பாதையை மாற்ற முடியாது. சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பில் குறை சொல்ல இடமில்லை.

ஒன்றியத்தின் பக்கமான இந்தச் சாய்வு குடியரசு இளமையாக இருந்தபோதே ஏற்பட்டது. நிலக்கரி உள்ள நிலங்களைக் கையகப்படுத்த நாடாளுமன்றம் 1957-இல் சட்டம் இயற்றியபோது, மாநிலத்துக்கே சொந்தமான நிலத்தை ஒன்றியம் எடுத்துக்கொள்ளலாமா என்று மேற்கு வங்கம் உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. எடுத்துக்கொள்ளலாம் என்று 1962 டிசம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி சுப்பா ராவ் ஒருவர் மட்டும், தன் எல்லைக்குள் மாநிலத்துக்கும் இறையாண்மை உண்டு என்று மாறுபட்டு எழுதினார். மாநிலம் தனக்கே சொந்தமான நிலத்தைக் காக்க முடியவில்லை என்றால், விவசாயியின் நிலத்துக்காக வாதாடி வெல்வது இன்னும் கடினம். கோவையில் நடந்தது அந்தப் பழைய தீர்ப்பின் தொடர்ச்சிதான்.

இந்த அதிகாரம் ஒரு தோட்டத்தில் எப்படி இறங்குகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 1962-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை; நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் 9-ஆவது பிரிவின்படி குழாய் போகும் நிலப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குட்டையோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இந்த மூன்றையும் விட்டால் கொங்குத் தோட்டத்தில் மிச்சம் என்ன? மழை குறைந்த இந்தப் பூமியில் பயிர் நிற்பது கிணற்றுத் தண்ணீரால். நெடுநாள் வருமானம் தென்னையால். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்தால் அவரவர் பங்கில் சாளை கட்டிக் குடிபோவது வழக்கம். 20 மீட்டர் அகலப் பட்டை ஒரு தோட்டத்தில் 100 மீட்டர் நீளத்துக்கு ஓடினால் ஏறக்குறைய அரை ஏக்கர் போகும். குறுக்கே ஓடினால் இருபக்க நிலமும் தனித்தனித் துண்டாகும். இதற்குச் சட்டம் வகுத்திருக்கும் இழப்பீடு, பயிர்ச் சேதத்துக்கான தொகை போக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஏக்கர் 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த அரை ஏக்கருக்கு ஒரு லட்சம் கிடைக்கும். பட்டா கையில் இருந்தாலும் குழாய் போகும் நிலத்தை வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இந்தப் பிரச்சினையின் வேர், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. அதைப் பயன்படுத்தும் முன் யாரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லாததில்தான் இருக்கிறது. அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபம் சொல்லலாம், நேரில் விசாரிக்கப்படலாம் என்கிறது 5-ஆவது பிரிவு. ஆனால் அந்த நேரத்தில் பாதை வரைபடமாக முடிந்திருக்கும். தன் சர்வே எண்ணைப் பற்றி மட்டும் பேசக்கூடிய ஒரு விவசாயி, பாதையை ஏன் நெடுஞ்சாலை ஓரம் கொண்டுபோகவில்லை என்று கேட்டுப் பதில் வாங்க அங்கே வழியில்லை. அந்தக் கேள்வியை ஏழு மாவட்டங்களுக்கும் சேர்த்துக் கேட்கக்கூடியது மாநில அரசு ஒன்றுதான். நீர்நிலை, நில ஆவணம், சாலை விரிவாக்கத் திட்டம் எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. அந்த அரசோடு முறைப்படி கலந்துபேசும் கடமையைச் சட்டம் யாருக்கும் விதிக்கவில்லை.

மாநிலங்களுக்கு இடம் கொடுத்தால் எந்தக் குழாயும் எல்லை தாண்டாது, ஒரு மாநிலம் மறித்தால் அடுத்த மாநிலத்துக்கு எரிவாயு போகாது என்பார்கள். மறுக்க முடியாத கவலைதான். அதனால்தான் இங்கே கேட்பது தடுக்கும் அதிகாரம் அன்று, கலந்துபேசும் உரிமை. கனடாவைப் பாருங்கள். டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முயன்றபோது, மாகாணங்களைத் தாண்டும் குழாய் கூட்டரசின் பொருள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஒருமனதாகச் சொன்னது. அதே குழாய்க்குக் கொடுத்த அனுமதியை, பழங்குடி மக்களை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்பதற்காக 2018 ஆகஸ்டில் அங்கே கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அரசு மீண்டும் கலந்தாலோசித்து மீண்டும் அனுமதி தந்தது. அதிகாரம் மையத்திடமே இருக்க, கேட்கும் கடமையையும் சட்டம் அதன்மேல் சுமத்த முடியும் என்பதற்கு இது சான்று. கேட்பதால் வேலை கெடும் என்பதும் சரியில்லை. கேரளத்தில் இதே கெயில் குழாய்க்கு 2017-இல் எதிர்ப்பு வலுத்தபோது அம்மாநில அரசு பேச்சு நடத்தி இழப்பீட்டை உயர்த்தியது. கொச்சி–மங்களூரு குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது.

நெடுஞ்சாலை ஓரம் ஊரும் கடையும் நெருங்கியிருக்கின்றன, எரிவாயுக் குழாய்க்கு அது ஆபத்து என்ற வாதமும் உண்டு. சில இடங்களில் அது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் எந்தக் கிலோமீட்டரில் ஆபத்து, எங்கே இடம் இருக்கிறது, செலவு எவ்வளவு கூடும் என்பதைப் பாதை முடிவாகும் முன்பே பொதுவில் வைக்க வேண்டும். மாநில அரசின் மேலும் தவறு உண்டு. குழாய் பதிக்கத் தொடங்கிய பிறகு ஆணையிட்டதால் அதன் வாதம் பலவீனப்பட்டது. காவிரிப் படுகைக்காகத் தமிழ்நாடு 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் குழாய்த் திட்டங்களுக்கு விலக்கு அளித்தது. விவசாயிக்காகப் பேசும் அரசு, தன் கையில் இருக்கும் சட்டத்தில் அதை எழுதிக் காட்ட வேண்டும்.

இது ஒரு குழாயோடு முடியும் விவகாரமும் அன்று. இருகூரிலிருந்து பெங்களூரு அருகே தேவனகொந்திக்குப் போகும் எண்ணெய்க் குழாய்க்கும், ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த உயர் மின்னழுத்தப் பாதைக்கும் கொங்கு விவசாயிகள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மின்பாதைக் கோபுரங்களுக்கு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் துணை நின்றது. ஆகவே 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று திருத்தங்கள் வேண்டும். முதல் அறிவிக்கைக்கு முன்பே மாற்றுப் பாதைகளை மாநில அரசிடம் கொடுத்து, இத்தனை நாளுக்குள் கருத்துச் சொல் என்று கேட்க வேண்டும். அந்தக் கருத்தை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். பத்து சதவீத இழப்பீட்டை, நிலம் உண்மையில் இழக்கும் மதிப்புக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். இவற்றில் எதுவும் ஒன்றியத்தின் அதிகாரத்தைப் பறிக்காது. இரு தரப்பும் உட்கார்ந்து பேச 263-ஆவது பிரிவின்படி அமைந்த மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் இருக்கிறது. 2016 ஜூலைக்குப் பிறகு அது பல ஆண்டுகள் கூடவே இல்லை. மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாடு 1969-இல் ராஜமன்னார் குழுவையும் 2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் குழுவையும் அமைத்தது. அந்தப் பெரிய விவாதத்தில் இந்தச் சிறிய சட்டத்துக்கும் இடம் வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் கொங்கு நாட்டு வாக்காளர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டத்தைத் திருத்த நீங்கள் ஒரு மசோதா கொண்டுவருவீர்களா?