திரையில் ஒரு நோயாளி

உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் இந்திய அறிக்கையில் (2016–17) ஒரு புள்ளிவிவரம் என்னை உறுத்துகிறது. முந்தைய 12 மாதங்களில் மருத்துவ உதவியை நாடிய புகைப்பவர்களில், 'விட்டுவிடுங்கள்' என்ற அறிவுரையைப் பெற்றோர் 48.8 விழுக்காட்டினரே.

நேரமின்மை மட்டும் காரணமன்று. மூன்று நிமிடப் பேச்சுக்கே பயனுண்டு. 'நோயாளி சினந்துகொண்டால்?' என்ற தயக்கமே பெரிது என்பேன்.

அதைப் போக்க உதவுபவர்தாம் மெய்ந்நிகர் நோயாளி. கணினித் திரையில் தோன்றும் அவர், "பீடி இழுத்தால்தான் காலையில் வெளிக்குப் போக முடியுது, சிஸ்டர்" என்கிறார் எனக் கொள்வோம். பயிற்சி பெறும் செவிலியர் மறுமொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "புற்றுநோய் வந்தால்தான் திருந்துவீங்களா?" என அதட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "முந்தி எப்பவாவது விட்டுப் பார்த்தீங்களா, ஐயா?" என்றால், மகள் பிறந்தபோது இரண்டு மாதம் விட்டிருந்ததைச் சொல்வார். உரையாடல் அங்கேதான் தொடங்குகிறது. பிழைத்தால் மறுபடியும் முயலலாம், எவரும் புண்படுவதில்லை.

புறநோயாளிப் பிரிவின் நெரிசல் திரைக்குத் தெரியாதுதான். ஆகவே, பயிற்சியோடு நிக்கோட்டின் சூயிங்கமும் மருந்தகத்தில் இருப்பில் வேண்டும். நோயாளிச் சீட்டில் புகைப்பழக்கத்தைக் குறிக்க ஓரிடமும் வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணையும் அச்சீட்டிலேயே அச்சிட்டுவிடலாம்.