சாய்த்து வெட்டினால் தெரியும் விசை

மாணவர்களே, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவிலிலிருந்து பெருமாள் கோவில் வரை நடந்திருக்கிறீர்களா? வழியில் ஓவன் ரோடு சந்திப்பு வரும். 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி முற்பகலில், ‘ஹோட்டல் நியூ வோர்ல்டு’ இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் அங்கே ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் உயிரிழந்தனர். எம்ஆர்டி சுரங்கப் பணியில் இருந்த பொறியாளர்களும் மீட்புப் பணியில் கைகொடுத்தனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

ஏன் விழுந்தது? அதற்கு முன், ஒரு தூணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு சாக்பீஸ் எடுங்கள். அதன்மேல் பேனாவால் சிறு சதுரம் வரையுங்கள். இரு முனைகளையும் பிடித்து, எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். அது குறுக்காக உடையாது. ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், திருகுபோல் சுற்றி உடையும். நாம் முறுக்கத்தானே செய்தோம்? முறுக்கும்போது அந்தச் சதுரம் சாய்சதுரமாக மாறப் பார்க்கிறது. அதன் ஒரு மூலைவிட்டம் நீள, மற்றொன்று சுருங்குகிறது. நீளும் திசையில் இழுவிசை வேலை செய்கிறது. சாக்பீஸ் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் அந்தச் சாய்வில் பிளந்துவிடுகிறது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு விசை விழுகிறது என்பதே தகைவு. ஒரே இடத்தில்கூட, நாம் எந்தச் சாய்வில் வெட்டிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தகைவு மாறும்.

ஒரு கணக்கு போடுவோம். தூணின் குறுக்குப் பரப்பு 0.09 சதுர மீட்டர். மேலிருந்து விழும் சுமை 900 கிலோநியூட்டன். வகுத்தால் தகைவு 10 மெகாபாஸ்கல். இப்போது தூணை 30 பாகை சாய்வாக வெட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். வெட்டிய பரப்பு பெரிதாகும். விசையும் இரண்டாகப் பிரியும்: ஒன்று பரப்பை நேராக அழுத்தும், மற்றொன்று பரப்போடு சறுக்கப் பார்க்கும்.

அழுத்தும் தகைவு: 10 × கோசைன் 30 × கோசைன் 30 = 7.5 மெகாபாஸ்கல்.
சறுக்கும் தகைவு: 10 × சைன் 30 × கோசைன் 30 = 4.33 மெகாபாஸ்கல்.

45 பாகையில் இரண்டும் 5 மெகாபாஸ்கல். சறுக்கும் தகைவு இதற்குமேல் எந்தச் சாய்விலும் போகாது. சோதனைக் கூடத்தில் கான்கிரீட் உருளையை இயந்திரத்தில் அழுத்தினால், பல நேரங்களில் அது சாய்வாக உடைவதற்குச் சறுக்கும் தகைவே காரணம். எல்லாச் சாய்வுகளுக்குமான விடைகளை ஒரே வட்டத்தில் வரைந்து காட்டலாம் என்று 1882இல் ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் விளக்கினார். பல்கலைக்கழகத்தில் அந்த வட்டத்தை வரைவீர்கள்.

இனி அந்தக் கட்டடத்துக்கு வருவோம். விசாரணையில் தெரியவந்தது இதுதான்: வடிவமைப்பின்போது உள்ளே இருக்கும் மனிதர்கள், பொருள்களின் எடை கணக்கிடப்பட்டது. கட்டடத்தின் சொந்த எடை சேர்க்கப்படவே இல்லை.

நம் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். 900 கிலோநியூட்டனில் 600 கட்டடத்தின் சொந்த எடை என்று வையுங்கள். அதை மறந்தால், 45 பாகையில் 5 வரவேண்டிய சறுக்கும் தகைவு 1.67 என்று வரும். சைன், கோசைன் எல்லாம் சரி, பெருக்கலும் சரி. ஆனால் முதல் வரியில் எழுதிய சுமை தவறு என்பதால், எந்தச் சாய்வில் வெட்டினாலும் விடை தவறாகவே இருக்கும்.

இந்த விபத்துக்குப் பின், 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளரின் கணக்கை, அங்கீகாரம் பெற்ற இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கும் முறை அதனால் நடைமுறைக்கு வந்தது.

இப்போது உங்கள் முறை. 60 பாகைச் சாய்வில் இரண்டு தகைவுகளையும் கணக்கிடுங்கள். நண்பரையும் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். பிறகு இருவரும் ஒப்பிடுங்கள். விடையை மட்டும் பார்க்காமல், முதல் வரியில் எதையாவது விட்டுவிட்டோமா என்றும் பாருங்கள்.