கடலில் ஒரு வாரம் – 5: கப்பலுக்கு முந்தைய இரவு

மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் பெயரிலும் மரீனா பே இருக்கிறது. சிங்கப்பூரில் நாம் கப்பல் ஏறப்போகும் மரீனா பே க்ரூஸ் சென்டரின் பெயரிலும் மரீனா பே இருக்கிறது. இந்த ஒற்றுமையை நம்பி ஒரு ராத்திரிக்குப் பல்லாயிரம் ரூபாய் அழுதுவிட்டு, காலையில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். போக முடியாது. ஹோட்டலுக்கும் கப்பல் முனையத்துக்கும் நடுவில் பெரிய பூங்கா, விரைவுச்சாலை, கடலைத் தூர்த்து எடுத்த வெற்று நிலம் எல்லாம் கிடக்கின்றன. கையில் பெட்டி இருந்தால் டாக்ஸிதான். டாக்ஸி என்று ஆகிவிட்டால் ஊரின் எந்த மூலையிலிருந்தும் வரலாமே, அதற்கு எதற்கு அவ்வளவு வாடகை? மூன்று கோபுரத்துக்கு மேலே இருக்கும் அந்த நீச்சல் குளத்தில் இறங்க வேண்டும் என்பது வாழ்நாள் ஆசையாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கப்பலுக்குப் பக்கம் என்ற காரணத்துக்காகப் போடாதீர்கள்.

முதலில், ஒரு நாள் முன்னதாகப் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராத்திரி கிளம்பும் விமானங்கள் விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கிவிடுகின்றன. கப்பல் கிளம்புவது பெரும்பாலும் மாலையில். நடுவில் இத்தனை மணி நேரம் இருக்கிறதே, ஹோட்டல் செலவு மிச்சம் என்று தோன்றும். வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் இந்தக் கணக்கு பலிக்கவும் செய்யும். ஆனால் 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையே தண்ணீரில் நின்றது. அடுத்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் வந்தபோதும் நிலையத்தை மூடினார்கள். விமானக் கம்பெனி உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். கப்பல் காத்திருக்காது. கப்பல் பாட்டுக்குப் போய்விட்டால், அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பது சொல்வதற்குத்தான் சுலபம். ஆகவே ஒரு ராத்திரி தங்குவதை நான் செலவாகவே பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகிறவர்களுக்கு அது கட்டாயம்.

அறை தேடுவதற்கு முன்னால் பயணச்சீட்டை எடுத்து, எந்த முனையம் என்று பாருங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. 1991-இல் திறந்த பழையது ஹார்பர்ஃப்ரண்டில், செந்தோசாத் தீவுக்கு எதிரே இருக்கிறது. 2012-இல் திறந்தது மரீனா பே க்ரூஸ் சென்டர். பழையது ஊருக்குள், பெரிய கடைத்தொகுதியோடு ஒட்டி, மெட்ரோ வாசலிலேயே இருக்கும்போது ஏன் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள்? காரணங்களில் ஒன்று, தலைக்கு மேலே போகும் கேபிள் கார். கரையிலிருந்து செந்தோசாவுக்குப் போகும் அந்தக் கம்பியின் கீழே சுமார் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் நுழைய முடியாது. இப்போதைய சொகுசுக் கப்பல்களோ அடுக்குமாடிக் கட்டடம்போல் நிற்கின்றன.

அந்தக் கம்பிக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1983 ஜனவரி 29-ஆம் தேதி மாலை, எனிவெடோக் என்ற எண்ணெய் துளைக்கும் கப்பல் துறையிலிருந்து கிளம்பியபோது அதன் உச்சிக் கோபுரம் கம்பியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். மற்றப் பெட்டிகளில் ராத்திரியெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தவர்களை ஹெலிகாப்டரில் கயிறு விட்டு மீட்டார்கள். ஹார்பர்ஃப்ரண்டில் ஏறும் சிறிய கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர்கள் ஒரு முறை தலையை நிமிர்த்திப் பார்க்கலாம்.

இப்போது சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று மூன்று நான்கு ராத்திரிச் சுற்று போகும் பெரிய கப்பல்கள் கிளம்புவது மரீனா பே முனையத்திலிருந்துதான். எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலில் வந்தால் சிவப்பு நிற வடக்கு–தெற்குத் தடத்தின் கடைசி நிலையமான மரீனா சவுத் பியரில் இறங்கி, சில நிமிடம் நடக்க வேண்டும். முனையத்தைச் சுற்றி டீக்கடை தேடினாலும் கிடைப்பது கஷ்டம். எனவே கப்பலுக்கு எவ்வளவு கிட்டே தங்குவது என்பது இங்கே கேள்வியே இல்லை. சிவப்புத் தடத்துக்கு எத்தனை முறை ரயில் மாற வேண்டும், எத்தனை பெட்டி, கூட வருபவர்களில் முழங்கால் வலிக்காரர் எத்தனை பேர் என்பவைதான் கேள்விகள். வரைபடத்தில் விரல் வைத்துத் தூரம் அளப்பதால் பிரயோஜனம் இல்லை.

என் முதல் சிபாரிசு லிட்டில் இந்தியா. அங்கே இருக்கும் தமிழர்கள் தேக்கா என்பார்கள். இதைச் சொன்னதும் என் சித்தி மகன் முகத்தைச் சுளித்தான். “ஏண்ணே, கடல் தாண்டிப் போயும் இட்லிதானா? அதுக்கு மயிலாப்பூர்லயே இருந்துடலாமே!” அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு இறங்குகிறோம். நம் ஊருக்கும் அங்கேயும் இரண்டரை மணி நேர வித்தியாசம். உடம்பைக் கேட்டால் இன்னும் பின்ராத்திரி என்கிறது. ஹோட்டலில் அறை கொடுப்பதோ மத்தியானம் இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு. பெட்டியை வரவேற்பில் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் எங்கே இருப்பது? சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸில் காபி குடிக்கலாம். காளியம்மன் கோயிலில் கொஞ்சம் உட்காரலாம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் கோப்பி, ரொட்டிப் பராட்டா, நாசி லெமாக் எல்லாம் ஒரே கூரையின் கீழே கிடைக்கும், இட்லி பிடிக்காத சித்தி மகனுக்கும் சேர்த்து. மறந்துபோன பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து தலைவலி மாத்திரை வரை முஸ்தபா என்ற பெரிய கடையில் நள்ளிரவு தாண்டியும் வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே தங்க நேர்ந்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். தீவின் ஓரங்களில் உள்ள தொழிலாளர் விடுதிகளிலிருந்து தமிழ்நாட்டுக்காரர்களும் வங்கதேசத்துக்காரர்களும் வாரத்துக்கு ஒரு நாள் இங்கேதான் கூடுகிறார்கள். பணம் அனுப்புகிறார்கள், முடி வெட்டிக்கொள்கிறார்கள், புல்தரையில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசுகிறார்கள். தெருவில் நடக்க இடம் இருக்காது. கூட்டமாக இருக்கிறது, சத்தமாக இருக்கிறது என்று சில சுற்றுலாப் பயணிகள் ஹோட்டல் விமர்சனத்தில் குறை எழுதுகிறார்கள். விடுமுறைக்கு வந்த நாம், விடுமுறை நாள் ஒன்றே ஒன்று உள்ளவர்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வது எனக்கு அவ்வளவு ரசிப்பதில்லை. தூக்கம் முக்கியம் என்றால் சாலைப் பக்கம் இல்லாத அறையாகக் கேளுங்கள்.

கப்பலுக்குப் போக: லிட்டில் இந்தியாவில் ஊதா நிறத் தடத்தில் ஏறி ஒரே நிலையம், டோபி காட். அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறினால் நான்காவது நிலையம் மரீனா சவுத் பியர். ஹார்பர்ஃப்ரண்ட் முனையமாக இருந்தால் இன்னும் சுலபம், அதே ஊதாத் தடத்தின் கடைசி வரைக்கும் உட்கார்ந்தே போகலாம். டோபி காட்டில் மட்டும் தடம் மாறக் கொஞ்சம் நடை இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பூகிஸ் பக்கம் தங்குங்கள். பச்சைத் தடத்தில் ஒரு நிலையம் வந்து சிட்டி ஹாலில் இறங்கினால், அதே தளத்தில் எதிர்ப்பக்கம் சிவப்பு ரயில் வந்து நிற்கும். சாங்கியிலிருந்து வருவதும் அதே பச்சைத் தடம்தான்.

சித்தி மகன் கட்சிக்காரர்களுக்குச் சைனாடவுன். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் அங்கேதான் இருக்கிறது. பழைய கடைவீடுகளைப் பிரித்துக் கட்டிய சிறிய ஹோட்டல்கள் நிறைய. அங்கேயும் நம்மவர்கள் இல்லாமல் இல்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் தொடங்கியது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸோடு 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அதன் ஸ்தாபகர். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் சீனர்கள் வாழும் பேட்டையின் நடுவில் நிற்பது அந்த ஊருக்கே உரிய சமாசாரம். சீனப் புத்தாண்டுச் சமயத்தில் மட்டும் இந்தப் பக்கம் யோசித்துப் போங்கள். பாதிக் கடைகள் மூடியிருக்கும், அறை வாடகை மட்டும் விழித்திருக்கும்.

செந்தோசாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழந்தைகளுக்குப் பிடிக்கும், பர்ஸுக்குப் பிடிக்காது, ஒரு ராத்திரிக்கு வீண். மூன்று நாள் இருக்கிறவர்கள் போகலாம்.

விமான நிலையத்திலேயே தங்கிவிடலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாங்கியில் சில விடுதிகள் குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே இருப்பவை. வேறு விமானத்துக்கு மாறுகிறவர்களுக்கானவை. மலிவாக இருக்கிறதே என்று அதைப் பதிவு செய்தால், வெளியே வந்தபின் திரும்ப உள்ளே போய்ப் படுக்க முடியாது. கேலாங் பக்கம் விலை குறைவாகக் கண்ணில் படும் ஹோட்டல்களும் அப்படித்தான், விவரம் தெரிந்து போட வேண்டும். இரட்டைப்படை எண் கொண்ட சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. சாப்பாடு அங்கே பிரமாதம், மாமியாரோடு தங்குவதற்குத்தான் தோதில்லை.

இன்னும் சில விஷயங்கள் அறையைப் பற்றியே. மலிவு ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறை என்று தனியாகவே விற்கிறார்கள். சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு ராத்திரிதானே என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். கப்பலிலும் உள்ளறை போட்டிருந்தால் ஐந்து நாளுக்கு வெளிச்சம் இல்லாத தூக்கம், பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் அறையில் நாலு பேர் படுத்துக்கொள்ளும் நம்மூர் சாமர்த்தியம் அங்கே செல்லாது. குழந்தைகளின் வயதைக்கூடக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். சரி, யாராவது ஒருவர் வீட்டையே வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றால் அதுவும் சட்டப்படி குற்றம். தனியார் அடுக்ககங்களைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளை ஆறு மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். இணையத்தில் அப்படி ஒரு வீடு ஒரு ராத்திரிக்குக் கிடைக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் மரீனா பேயைச் சுற்றிச் சாலைகளை மூடிவிடுவார்கள், வாடகையும் எகிறும். கப்பல் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முந்தைய நாள் மத்தியானம் ஓய்வாக இருந்தால் ஒரு யோசனை. கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே மரீனா சவுத் பியர் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு போகிறது, ஏறக்குறைய அரை மணி நேரம். வார நாட்களில் படகு குறைவு. கடைசிப் படகு எப்போது திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டு, தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். இன்று அமைதியான கடற்கரையாக இருக்கும் இந்தத் தீவில் 1874-இல் நோய்த்தடுப்பு முகாம் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஊரில் காலரா. பின்னாளில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தளப் பயணிகளாக வந்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன் இங்கேதான் இறக்கிச் சோதித்தார்கள். சிங்கப்பூரில் அவர்களுடைய முதல் ராத்திரி இந்தத் தீவில்தான் கழிந்தது. எங்கே தங்குவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

1926-இல் கட்டிய ரஜூலா என்ற கப்பலை நம் தாத்தாக்கள் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைய போர்ட் கிளாங். அதாவது, சிங்கப்பூரில் ஏறிப் போர்ட் கிளாங், பினாங்கு என்று நாம் காசு கொடுத்துப் போகும் உல்லாசப் பயணம், அவர்கள் பிழைக்க வந்த பாதையைக் கடைசியிலிருந்து திருப்பிப் போட்டது. மேல்தளத்தில் அவர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். அதே தளத்தில் இப்போது நீச்சல் குளம்.

கடைசியாக, திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்து அறை போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கப்பல் காலையில் கரைக்கு வரும். ஊருக்கு விமானம் மாலையில் அல்லது ராத்திரியில். நேராகச் சாங்கிக்குப் போய் ஜுவல் கட்டடத்தில் பெட்டியைப் பாதுகாக்கக் கொடுத்துவிட்டு, கை வீசிக்கொண்டு மறுபடி ஊருக்குள் வரலாம். முன்பு போன பேட்டையை விட்டுவிட்டு இன்னொன்றைப் பார்க்க அதுதான் நேரம். ஆனால் கப்பல் மலேசியா போய்த் திரும்புவதால் சிங்கப்பூருக்குள் நீங்கள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். கையில் இருப்பது பலமுறை நுழையும் விசாதானா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். முதல் முறை நுழையும்போது நிரப்பிய சிங்கப்பூர் வருகை அட்டையையும் மறுபடி இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் வைஃபை விலை தெரியும் என்பதால், எப்போது நிரப்புவது என்று முன்கூட்டியே திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: ஜன்னல் அறையா, பால்கனி அறையா, உள்ளறையா?

(தொடரும்)