நூறு கிலோவைத் தாண்டியவருக்கு எந்த பைக்?

காலை ஏழு மணிக்கு அன்னூர் நால்ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். கோவில்பாளையம், சரவணம்பட்டி பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு திசை. கருவலூர் வழியாக அவிநாசி, திருப்பூருக்குப் போகிறவர்கள் இன்னொரு திசை. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கூட்டம். பஸ் உண்டுதான். ஆனாலும் ஷிப்ட் நேரத்துக்குப் போய்ச் சேர பைக்கை நம்புகிறவர்களே அதிகம். காந்திபுரம் வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர். போக வர 60.

அந்தக் கூட்டத்தில் 110 கிலோ எடையுள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புது பைக் வாங்க ஷோரூமுக்குப் போகிறார். "அண்ணா, உங்களுக்கெல்லாம் புல்லட்டுதானுங்க சரி" என்று விற்பனையாளர் சிரிக்கிறார். பட்ஜெட்டைச் சொன்னதும் பேச்சு மாறுகிறது. "அப்ப இந்த 100 சிசியே போதுமுங்க, ஒண்ணும் ஆகாதுங்க." இரண்டுமே பாதி உண்மை. ஒரு வண்டி எவ்வளவு எடைக்காகச் செய்யப்பட்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வாங்குகிறவரும் கூச்சத்தில் கேட்பதில்லை.

அந்தக் கணக்கு வண்டியோடு தரும் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. 'பேலோட்' என்று இருக்கும். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், டிபன் பை, மாட்டியிருக்கும் கிராஷ் கார்டு எல்லாம் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய எடை அது. 100 சிசி வண்டிகள் பலவற்றில் இந்த எண் 130 கிலோவை ஒட்டியே இருக்கும். அதாவது 65 கிலோ ஆள் இரண்டு பேர். 110 கிலோ கணவரும் 60 கிலோ மனைவியும் ஏறினால் 170 ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மன்னீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் ஒரு அரிசிப் பையும் வாங்கினால் கேட்கவே வேண்டாம்.

"எக்ஸ்எல்லுல நாலு மூட்டை தேங்காயே போகுதே, நான் போகக் கூடாதா?" என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1980-ல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்தே கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பால் கேனும் சோளத்தட்டும் சுமந்து பழகியவை இந்த மொபெட்டுகள். ஆனால் அந்த மூட்டை போகும் வேகத்தைக் கவனியுங்கள். தோட்டத்திலிருந்து ஊருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர், உருட்டிக்கொண்டு. அதே சுமையோடு சத்தி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 60 கிலோமீட்டர் வேகத்தில் தினமும் போவது வேறு விஷயம்.

எடை கூடினால் முதலில் கஷ்டப்படுவது இன்ஜின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உயிர் சம்பந்தப்பட்டது பிரேக். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டியின் எடை 112 கிலோ. 65 கிலோ ஆள் தனியாக ஓட்டினால் மொத்தம் 177 கிலோ. மேலே சொன்ன தம்பதி ஏறினால் 282. ஒரே வேகத்தில் போகும்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல். முன்னும் பின்னும் டிரம் பிரேக் இருக்கும் மாடலில் இதைக் கைப்பிடியிலேயே உணரலாம். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். அதனால் 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் முன் சக்கரத்தில் டிஸ்க் இல்லாத வண்டியைப் பார்க்கவே வேண்டாம். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் 2019-லிருந்தே கட்டாயம். பெரிய வண்டிக்குப் போவதில் இது ஒரு கூடுதல் லாபம்.

அடுத்து டயர். அதன் பக்கவாட்டில் '54பி' என்பதுபோல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் எடைக் குறியீடு. 54 என்றால் 212 கிலோ, 56 என்றால் 224, 62 என்றால் 265. இது ஒரு டயர் தாங்கும் அளவு. அதுவும் காற்று சரியாக இருந்தால் மட்டும். இருவர் ஏறும்போது மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தில் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், 282 கிலோவில் 188 கிலோ அங்கே போகிறது. 54 குறியீடு உள்ள டயர் தாங்கிவிடும். ஆனால் காற்று குறைந்திருக்கும் நாளில், வெயிலில் காய்ந்த தார் ரோட்டில், பள்ளத்தில் இறங்கினால் அந்த மிச்சம் போதாது. செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் டயருக்கு இரண்டு அளவுகள் இருக்கும்: ஒருவர் போனால் ஒன்று, இருவர் போனால் ஒன்று. நூறு கிலோவைத் தாண்டியவர் தனியாகப் போனாலும் இருவருக்கான அளவையே வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் பையன் கேட்காமலே பழைய அளவை வைப்பான். சொல்லித்தான் பிடிக்க வேண்டும்.

இனி இன்ஜின். இங்கே குதிரை சக்தியைவிட 'டார்க்' எனப்படும் இழுவிசையே முக்கியம். ஸ்ப்ளெண்டர் வகையில் அது சுமார் 8 நியூட்டன் மீட்டர். ஹோண்டா ஷைன் 125-ல் 11 அளவில். யூனிகார்னில் 14-ஐத் தாண்டுகிறது. எடை அதிகமுள்ளவர் சின்ன இன்ஜினை எப்போதும் முறுக்கியபடியே ஓட்ட வேண்டியிருக்கும். கம்பெனி சொன்ன மைலேஜ் அவருக்குக் கிடைக்காது. அதை நம்பி 100 சிசி வாங்கியவருக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தினம் 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 25 லிட்டர். 48 கொடுக்கும் பெரிய வண்டிக்கு 31 லிட்டர் சொச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகமாகிறது. சின்ன வண்டியில் பிரேக் ஷூ, ஷாக் அப்சர்பர், செயின், வீல் பேரிங் எல்லாம் சீக்கிரமே தேயும் செலவு இதில் சேரவில்லை. முதுகுவலி மாத்திரையும் சேரவில்லை.

90 கிலோ எடை, பெரும்பாலும் தனிப் பயணம் என்றால் டிஸ்க் உள்ள 125 சிசி வண்டி தாராளம். நூறைத் தாண்டி, வாரத்தில் பாதி நாள் பின்னால் ஆள் ஏறுவார் என்றால் 150, 160 சிசிக்குப் போவதுதான் சரி. ஹோண்டா யூனிகார்ன், பஜாஜ் பல்சர் 150 போன்ற, நீளமான ஒரே சீட் உள்ள சாதாரண வண்டிகளே இதற்கு ஏற்றவை. பின் சீட்டைத் தூக்கி வைத்த ஸ்போர்ட்ஸ் மாடல்கள் பார்க்கத்தான் அழகு. புடவை கட்டியவர் ஏறி இறங்குவதை ஒருமுறை பார்த்தால் ஆசை போய்விடும். புல்லட் ரகம் எடையைத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் கிளாசிக் 350-ன் எடையே 195 கிலோ. கணபதி நெரிசலில் தினமும் காலை ஊன்றி ஊன்றி நகர்த்தவும், ஆபீஸ் ஸ்டாண்டில் பின்னால் இழுத்து எடுக்கவும் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். அதிக எடை உள்ளவருக்கு அதுதானே முதல் பிரச்னை?

முழங்கால் வலி உள்ளவர்கள் ஸ்கூட்டரை நினைக்கிறார்கள். ஏற, இறங்க, கால் வைக்க அது சுகம்தான். ஆனால் சக்கரம் சின்னது. பள்ளம் பெரிதாகத் தெரியும். ஊருக்குள் சுற்ற ஸ்கூட்டர், தினம் 60 கிலோமீட்டருக்கு பைக் என்று பிரித்துக்கொள்ளலாம்.

விலையில் ஒரு நல்ல செய்தி. 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. 125-லிருந்து 160-க்கு ஏறலாமா என்று தயங்குகிறவர்களுக்கு இது உதவும்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் அழைத்துப்போக வேண்டும். இருவரும் ஏறியபின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று மூன்றாவது ஆள் பார்க்கட்டும். ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். அடியில் 'டங்' என்று ஒரு முட்டல் கேட்டால், அந்த ஸ்பிரிங் அதன் எல்லைக்கு வந்துவிட்டது.

உடனே வண்டியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பல பைக்குகளில் பின் ஷாக் அப்சர்பரை ஐந்து படிகளில் இறுக்கலாம். டூல் கிட்டில் அதற்கான ஸ்பேனரும் இருக்கும். புது வண்டி பெரும்பாலும் மெத்தென்ற படியில்தான் வரும். டெலிவரி எடுக்கும் நாளில், மாலையும் எலுமிச்சம்பழமும் வைக்கும் முன்பே, மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் ஒரே படிக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, காசும் கிடையாது.