நூற்றுக்கு இரண்டு

குலுக்கல் சீட்டு வாங்குகிறவர்களில் இரண்டு ரகத்தார் உண்டு. தனியாக ஒரு சீட்டு வாங்கி, நம்பரை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக் கொண்டு, முதல் பரிசு முழுவதும் தமக்கே விழ வேண்டும் என்று காத்திருப்பவர்கள் ஒரு ரகம். பத்துப் பேராகச் சேர்ந்து பத்துச் சீட்டு வாங்கி, எது விழுந்தாலும் பங்கு போட்டுக் கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்து கொள்கிறவர்கள் மற்றொரு ரகம். இரண்டாவது ரகத்தாருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சீட்டுகளை யார் வசம் வைப்பது? வைத்திருக்கும் மனிதருக்கு என்ன கூலி கொடுப்பது? பிட்காயின் என்னும் புது நாணயத்தைத் 'தோண்டி' எடுப்பவர்களுடைய உலகத்தில் 2010-ம் வருஷத்திலிருந்து நடந்து வரும் பெரிய வழக்கு இதுதான்.

பிட்காயின் என்ற பெயரைக் கேள்விப்படாத குடும்பம் இப்போது சொற்பம். அது நடக்கும் விதம் மட்டும் பலருக்குப் புதிராக இருக்கிறது. 2008-ம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ந் தேதி ஸடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் அதன் திட்டத்தை வெளியிட்டார். ஒருவரோ, பலரோ, ஆசாமி யார் என்பது இன்று வரையில் வெளியாகவில்லை. 2009 ஜனவரி 3-ந் தேதி நாணயம் பிறந்தது. அதற்குப் பாங்கும் கிடையாது, சர்க்காரும் கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒரே பேரேட்டில் எழுதி, அதன் பிரதிகளை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு புதிய பக்கம் அந்தப் பேரேட்டில் சேருகிறது.

அந்தப் பக்கத்தை எழுதும் பாத்தியதை யாருக்கு? அதற்குத்தான் போட்டி. பக்கத்தில் உள்ள விவரங்களோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் ஒரு விடை வரும். விடை குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் ஜயம். இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மறுபடியும் போட வேண்டும். இதில் புத்திக்கு வேலையே இல்லை. கண்ணை மூடிக் கொண்டு கொத்துச் சாவியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பூட்டைத் திறக்கப் பார்ப்பது போன்ற காரியம். விநாடிக்கு எத்தனை சாவி போட்டுப் பார்க்க முடிகிறது என்ற கணக்குக்கு 'ஹாஷ்ரேட்' என்று பெயர்.

முதலில் திறந்தவருக்குப் புது நாணயங்கள் சன்மானமாகக் கிடைக்கின்றன. ஆரம்பத்தில் பக்கத்துக்கு 50 நாணயம். 2,10,000 பக்கங்களுக்கு ஒரு முறை இந்தச் சன்மானம் பாதியாகக் குறையும் என்பது விதி. 2012, 2016, 2020, 2024 என்று நான்கு தடவை குறைந்து, 2024 ஏப்ரல் மாதத்தில் 3.125-க்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு விதியும் உண்டு, வேடிக்கையான விதி. ஆட்கள் அதிகமாகச் சேர்ந்து வேகமாகத் திறக்க ஆரம்பித்தால் பூட்டும் கடினமாகிக் கொள்ளும். 2,016 பக்கங்களுக்கு ஒரு முறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வரம்பைத் திருத்திப் பத்து நிமிஷக் கணக்குக்கே கொண்டு வந்து விடுகிறார்கள். ஆகையால் உலகமே திரண்டு வந்து தோண்டினாலும் ஒரு நாளைக்குச் சுமார் 144 பக்கந்தான்.

இதன் பலனை நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 2016-ம் வருஷத் தொடக்கத்தில் உலகத்து ஹாஷ்ரேட், விநாடிக்கு ஒன்று போட்டுப் பதினெட்டுப் பூஜ்யம் சேர்த்த அளவை எட்டிற்று. 2025-ல் ஒன்றுக்குப் பின் இருபத்தொரு பூஜ்யம்! பத்து வருஷத்துக்குள் ஆயிரம் மடங்கு வேலை. கூலியோ, அன்று எல்லோருக்குமாக நாளொன்றுக்கு 3,600 நாணயம் கிடைத்தது, இன்று 450. ஆயிரம் மடங்கு உழைத்து எட்டில் ஒரு பங்கு கூலி வாங்குவது என்பது வேறெந்தத் தொழிலிலும் நாம் கேட்டறியாத சமாசாரம். நாணயத்தின் விலை ஏறியபடியால்தான் தொழில் நிலைத்திருக்கிறது.

இப்போது ஒரு தனி மனிதர் இதில் இறங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதல் தரமான புது யந்திரம் ஒன்று வாங்குகிறார். விநாடிக்கு இருநூறு லட்சம் கோடி தடவை அது முயற்சி செய்கிறது. பிரமாதமான யந்திரந்தான். ஆனால் உலகத்தில் உள்ள மொத்த சக்தி அதைப் போன்ற ஐம்பது லட்சம் யந்திரங்களுக்குச் சமம். ஐம்பது லட்சம் பக்கத்துக்கு ஒரு முறை இவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கலாம். பக்கத்துக்குப் பத்து நிமிஷமாகக் கணக்குப் போட்டால் சுமார் தொண்ணூற்றைந்து வருஷம் ஆகிறது. மின்சார பில்லோ மாதா மாதம் வந்து கொண்டிருக்கும்.

ஆகவே கூட்டுச் சேர வேண்டியதாயிற்று. 2010-ம் வருஷக் கடைசியில், பிராக் நகரத்தைச் சேர்ந்த மாரெக் பலாட்டினஸ் என்ற இளைஞர் முதலாவது கூட்டை ஆரம்பித்தார். 'ஸ்லஷ்' என்பது அவருடைய புனைபெயர். அந்த வருஷம் டிசம்பர் 16-ந் தேதி அக்கூட்டு முதல் பக்கத்தை எழுதிற்று. இவற்றை இங்கிலீஷில் 'மைனிங் பூல்' என்கிறார்கள்.

ஜயித்த எண்ணைக் கண்டுபிடித்த அங்கத்தினர் அதைக் கூட்டுக்குச் சொல்லாமல் தாமே அமுக்கிக் கொண்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். முடியாது. அவர் தேடுவதே கூட்டின் பெயர் எழுதிய பக்கத்துக்கான எண். வேறு பெயர் எழுதினால் விடையும் மாறிப் போய்விடும். அது போகட்டும், ஒவ்வோர் அங்கத்தினரும் எவ்வளவு பாடுபட்டார் என்பதை எப்படி அறிவது? ஜயிக்கப் போதாவிட்டாலும் ஓரளவு சிறியதாக வந்த விடைகளை அவ்வப்போது அனுப்பச் சொல்லுகிறார்கள். பரீட்சையில் முதல் வகுப்பு வராவிட்டாலும், பையன் படித்தான் என்பதற்கு மார்க்கு ஷீட்டு அத்தாட்சி அல்லவா? அதைப் போல.

பங்கிடும் முறையில்தான் ரகளை பிறந்தது. பக்கம் கிடைத்ததும் அதுவரை வந்த அத்தாட்சிகளை எண்ணிப் பிரித்துக் கொடுப்பதே முதலில் இருந்த வழக்கம். மிகவும் நியாயமாகத் தோன்றுகிறது. கெட்டிக்காரர்கள் சிலர் இதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஆட்டம் நீண்டு போனால் பங்கு கேட்பவர்கள் பெருகித் தம் பங்கு சிறுத்துவிடும். ஆகையால் ஆட்டத்தின் ஆரம்பத்தில் சேர்ந்து, சராசரி அளவில் 43.5 சதவிகிதம் ஆனதும் கழன்று கொண்டு, வேறு கூட்டில் புது ஆட்டம் தொடங்கியிருந்தால் அங்கே ஓடிவிடுவது லாபம் என்று கணக்குப் போட்டார்கள். விசுவாசமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுடைய பணம் இந்தப் பந்திக்குப் பந்தி தாவும் விருந்தாளிகளிடம் போயிற்று. ஸ்லஷ் 2011-ல் மதிப்பெண் முறை ஒன்றை ஏற்படுத்தி இதைத் தடுத்தார்.

மற்றொரு முறை, பக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வோர் அத்தாட்சிக்கும் உடனுக்குடன் இவ்வளவு என்று கொடுத்துவிடுவது. அங்கத்தினருக்கு மாதச் சம்பளக்காரரின் நிம்மதி; துரதிர்ஷ்டம் முழுவதும் கூட்டு நடத்துகிறவர் தலையில். சில வாரம் பக்கம் கிடைக்காவிட்டால் அவர் திவாலாக வேண்டியதுதான். எனவே அதற்குக் கமிஷன் அதிகம். 2011-ல் பெரிய கூட்டாக இருந்த டீப்பிட், பங்கு பிரிக்கும் முறைக்கு நூற்றுக்கு மூன்றும், இந்தச் சம்பள முறைக்கு நூற்றுக்குப் பத்தும் வாங்கிற்று. ஸ்லஷ் கூட்டு வெகு காலம் வாங்கியது நூற்றுக்கு இரண்டு.

நூற்றுக்கு இரண்டு என்றால் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் கமிஷன் பிடிக்கப்படுவது வரவில்; லாபத்தில் அல்ல. நூறு ரூபாய் வரவில் மின்சாரமும் யந்திரத் தேய்மானமும் தொண்ணூறு ரூபாயை விழுங்கிவிட்டால் மிச்சம் பத்து. அதில் இரண்டு போனால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! சன்மானம் பாதியாகி, ஹாஷ்ரேட் ஏற ஏற, அந்தப் பத்து ரூபாயும் ஐந்தாகவும் மூன்றாகவும் தேய்கிறது. தோண்டுகிறவர்கள் அரைச் சதவிகிதத்துக்காகக் கூட்டு விட்டுக் கூட்டு மாறுவதைப் பேராசை என்று நாம் சொல்லத் துணியமாட்டோம்.

கமிஷனே இல்லாத கூட்டு ஒன்று வந்தால்? வந்தது. அதன் பெயர் ஜிஹாஷ். 2013-ல் கிளம்பிய இந்தக் கூட்டை நடத்தியது ஸெக்ஸ் என்னும் நாணயச் சந்தை ஸ்தாபனம். தோண்டும் சக்தியையே பங்குகளாக்கி அந்தச் சந்தையில் விற்றார்கள். வருமானத்துக்கு வேறு வழி இருந்தபடியால் கூட்டில் கமிஷன் பூஜ்யம். ஜனங்கள் திரண்டார்கள். 2014 ஜனவரியில் உலக ஹாஷ்ரேட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதன் கையில் சேர்ந்தது. கூக்குரல் எழுந்தது. சிலர் விலகினார்கள், கூட்டு நடத்துகிறவர்களும் எல்லை மீறமாட்டோம் என்று வாக்களித்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதத்தில் அது 51 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டது.

இதில் என்ன அபாயம்? பாதிக்கு மேல் சக்தி ஒருவர் கையில் இருந்தால் பிறருடைய நாணயத்தைப் பறிக்க முடியாது. இல்லாத நாணயத்தைப் படைக்கவும் முடியாது. ஆனால் தாம் செலவழித்த பணத்தைப் பேரேட்டில் பின்னோக்கி அழித்து மறுபடியும் செலவழிக்கலாம். பிடிக்காதவர்களின் கொடுக்கல் வாங்கலை எந்தப் பக்கத்திலும் ஏற விடாமல் செய்யலாம். யாரையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லி ஆரம்பித்த நாணயம், 'இவர் நல்லவர், அப்படிச் செய்யமாட்டார்' என்று ஒருவரை நம்பி நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிட்காயின் நிபுணர்களில் ஒருவரான பீட்டர் டாட் தம் வசம் இருந்த நாணயத்தில் பாதியை விற்றுவிட்டதாகப் பகிரங்கமாகவே அறிவித்தார். ஜூலை மாதத்தில் ஜிஹாஷ் 39.99 சதவிகிதத்துக்கு மேல் போகமாட்டோம் என்று மறுபடியும் உறுதி கூறிற்று. பிறகு அது மெலிந்து, 2016-ல் மூடப்பட்டது.

அந்த 51 சதவிகிதத்தில் சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சூழ்ச்சிக்கும் உடன்பட்டவர்கள் அல்ல என்பதை நாம் மறக்கக்கூடாது. ஒவ்வொருவரும் நூற்றுக்கு இரண்டு மிச்சம் பிடித்தார், அவ்வளவுதான். தாம் ஒருவர் விலகினால் மட்டும் குறைந்துவிடுமா என்று ஒவ்வொருவரும் எண்ணியதில்தான் பாதி உலகம் ஒரு கைக்குள் போயிற்று. கமிஷன் வாங்கி வயிறு வளர்க்கும் கூட்டைவிட, கமிஷன் வேண்டாம் என்று சொல்லுகிற கூட்டைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்தப் பாடம் மறந்து போவதற்கு அதிக காலம் ஆகவில்லை. தோண்டுவதில் வெகு காலம் சீனாவே முதன்மையாக இருந்தது. 2021 மே, ஜூன் மாதங்களில் சீன சர்க்கார் இத்தொழிலை ஒடுக்கியபோது உலக ஹாஷ்ரேட் ஏறக்குறையப் பாதியாய் விழுந்தது. ஜூலை 3-ந் தேதி பூட்டின் கடினத்தை ஒரேயடியாகச் சுமார் 28 சதவிகிதம் தளர்த்த நேர்ந்தது. அத்தனை பெரிய சரிவு அதற்கு முன் கிடையாது. யந்திரங்கள் பல கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயின. அங்கே பவுண்ட்ரி என்ற கூட்டு அவற்றை வரவேற்றது. கமிஷன் இல்லாமலே வரவேற்றது. அந்த வருஷத்துக்குள்ளேயே அது உலகத்தில் முதலாவதாக வந்துவிட்டது. 2023-ல்தான் கமிஷன் வாங்க முற்பட்டது. அதற்குள் வருகிறவர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. அந்த வருஷக் கடைசியில் பவுண்ட்ரியும், யந்திரம் செய்யும் பிட்மெயின் ஸ்தாபனத்தின் ஆன்ட்பூலும் ஆக இரண்டு கூட்டுகளிடம் மட்டும் உலக சக்தியில் பாதிக்கு மேல் இருந்தது.

சன்மானத்தைத் தவிர, பணம் அனுப்புகிறவர்கள் தங்கள் கணக்கு சீக்கிரம் பக்கத்தில் ஏறுவதற்காகக் கொடுக்கும் கட்டணமும் உண்டு. அதைக் கூட்டு வைத்துக் கொள்வதா, பங்கிடுவதா என்பதும் பெரிய தகராறு. சில சமயம் அது சில்லறைத் தொகை அல்ல. 2024 ஏப்ரலில் சன்மானம் பாதியான 8,40,000-வது பக்கத்தை வயாபிடிசி கூட்டு எழுதியபோது சன்மானம் 3.125 நாணயம், கட்டணமோ 37-க்கு மேல்! 2023 செப்டம்பரில் ஒரு ஸ்தாபனம் தவறுதலாகச் சுமார் 20 நாணயத்தைக் கட்டணமாகக் கட்டிவிட்டது. அன்றைய விலையில் ஐந்து லட்சம் டாலர். பக்கத்தை எழுதிய எப்டூபூல் கூட்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. பெருந்தன்மைதான். ஆனால் திருப்பிக் கொடுப்பதா, வேண்டாமா என்று தீர்மானித்தவர் யந்திரத்தை ஓட்டிய மனிதர் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கட்டணத்தையும் சேர்த்துச் சம்பள முறையில் கொடுப்பதே பெருவழக்காகிவிட்டது. அதற்குக் கையில் ஏராளமான ரொக்கம் வேண்டும். சின்னக் கூட்டுகளுக்கு அது ஏது? 2024-ல் பேரேட்டை ஆராய்ந்தவர்கள், வெவ்வேறு பெயர் கொண்ட சில சிறு கூட்டுகள் தயாரிக்கும் பக்கங்கள் ஆன்ட்பூல் பக்கங்களைப் பெரிதும் ஒத்திருப்பதை எடுத்துக் காட்டினார்கள். பெயர்ப் பலகை பல, அடுப்பு ஒன்று என்ற சந்தேகம் அதனால் வலுத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான முயற்சி 2023 நவம்பரில் ஆரம்பமான ஓஷன் கூட்டு. லூக் டாஷ்ஜூனியர் என்ற பழைய பிட்காயின் நிபுணர் இதில் முக்கியஸ்தர். 2024-ல் இவர்கள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பக்கத்தில் என்ன எழுதுவது என்பதைக் கூட்டுக்கு விட்டுவிடுகிறவர்களுக்குக் கமிஷன் நூற்றுக்கு இரண்டு. பக்கத்தைத் தாமே தயாரித்துக் கொண்டு வருகிறவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று. மற்றவர்கள் எல்லோரும் அங்கத்தினருடைய சிரமத்தைக் குறைப்பதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்திருக்க, இவர்கள் சிரமப்படுகிறவருக்குக் கமிஷனைக் குறைத்திருக்கிறார்கள். இதுவரை அங்கே போய்ச் சேர்ந்திருப்பவர்கள் உலக ஹாஷ்ரேட்டில் ஒரு சிறு பங்குதான்.